ஊர் கையெழுத்திடாத ஒப்பந்தங்கள்

சுனாமி வீடுகள் முதல் பாக்கு நீரிணைப் பேச்சு வரை, எல்லை தாண்டிய ஒத்துழைப்பில் மக்கள் அமைப்புகளுக்கு இடம் கிடைத்தபோதும் மறுக்கப்பட்டபோதும் என்ன நடந்தது? கல்முனை, வீரமுனைக் கரையிலிருந்து ஒரு பார்வை.

இலங்கையின் அம்பாறை மாவட்டத்து அக்கரைப்பற்று நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீடிழந்த முஸ்லிம் குடும்பங்களுக்காகச் சவூதி அரேபியா கொடுத்த நிதியில் அவை எழுந்தன. பள்ளிவாசல், பாடசாலை, வைத்தியசாலை, சந்தை எல்லாம் சேர்த்து ஒரு முழு ஊராகவே அந்தத் திட்டம் வரையப்பட்டது. பௌத்தர்களின் புனிதத் தலமான தீகவாபிக்கு அண்மையில், அரச காணியில், ஒரே சமூகத்துக்கு மட்டும் வீடு கொடுக்கக்கூடாது என்று வழக்குப் போடப்பட்டது. மாவட்டத்தின் இன விகிதப்படி வீடுகளைப் பகிர வேண்டும் என்று 2009இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிதி கொடுத்த நாடு ஒரு பட்டியலை எதிர்பார்த்தது. நீதிமன்றம் வேறொரு கணக்கைச் சொன்னது. அமைச்சர்கள் மாறினார்கள், ஆட்சிகள் மாறின. யாருக்கும் திறப்பு கொடுக்கப்படாமல் ஆண்டுக்கணக்காக வீடுகள் கிடந்தன. முற்றத்தில் பற்றைக்காடு வளர்ந்தது. தகரக் கொட்டிலிலும் வாடகை வீட்டிலும் இருந்தபடியே எத்தனையோ பேர் அந்தத் திறப்புக்குக் காத்திருந்தார்கள்.

இதில் யார் குற்றவாளி என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். என் கேள்வி வேறு. அந்த 500 வீடுகளின் முதற் கல்லை வைக்கும் முன்னர், அக்கரைப்பற்றின் பள்ளிவாசல் சபை, ஆலையடிவேம்பின் கோயில் சபை, தீகவாபியின் விவசாயிகள் சங்கம் ஆகிய மூன்றையும் ஒரே மண்டபத்தில் இருத்தி, யாருக்கு எத்தனை வீடு, எந்தக் காணியில் என்று பேச வைப்பதைத் திட்டத்தின் கட்டாயப் படியாக யாராவது எழுதி வைத்திருந்தார்களா? றியாத்துக்கும் கொழும்புக்கும் இடையில் ஓர் உடன்பாடு இருந்தது. கொழும்புக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் இடையில் கோப்புகள் போய்வந்தன. அந்தக் காணியைச் சுற்றி வாழும் மூன்று சமூகங்களுக்கும் இடையில் எழுதப்பட்ட ஒரு தாளும் இல்லாமல் ஓர் ஊரையே கட்டத் தொடங்கினார்கள். வழக்கு வந்ததில் வியப்பில்லை.

பிராந்திய ஒத்துழைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு உச்சி மாநாட்டுப் படங்கள்தான் கண்ணில் வரும். 1985இல் டாக்காவில் தொடங்கிய சார்க், 2014இல் காத்மண்டுவில் கூடியதற்குப் பிறகு உச்சி மாநாடு ஒன்றை நடத்தவே இல்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் முகம் திருப்பிக்கொண்டால் எட்டு நாடுகளின் மேசையும் வெறுமையாகிவிடுகிறது. அரசுகள் பேசாத அந்தக் காலங்களிலும் இந்தப் பிராந்தியத்தின் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. சிறைப்பட்ட மீனவருக்கு வழக்கறிஞர் தேடுவது, அகதியின் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுப்பது, அக்கரையில் இறந்தவரின் உடலை வீடு கொண்டுவருவது போன்ற வேலைகள். இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் சங்கங்களும் சபைகளும்தான். உடன்பாடு எழுதும் நாளில் மட்டும் இவர்களை அழைப்பதில்லை.

அதே அலை, வேறொரு கரை

நாகப்பட்டினத்துக்கும் இந்தக் கரைக்கும் பழைய உறவு உண்டு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றம் நடக்கிறது. வீரமுனை சிந்தாயாத்திரைப் பிள்ளையாரோ, சோழ நாட்டு இளவரசி சீர்பாத தேவி கப்பலில் வந்தபோது கிடைத்த மூர்த்தி என்பது அவ்வூரவரின் ஐதீகம். முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் தம் தொடக்கக் கதையில் அதே கடலைக் கடந்திருக்கின்றன.

2004இல் இரு கரையையும் ஒரே அலை அடித்தது. தமிழ்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்து மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டம் நாகப்பட்டினம். இலங்கையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்து அந்த இடத்தில் நின்றது அம்பாறை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழூரும் முஸ்லிமூரும் மாறிமாறி வரும் இந்தக் கரையில் அலை யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை. பிறகு இரண்டு கரையிலும் உதவி நிறுவனங்கள் குவிந்தன. ஒரே ஊருக்கு ஐந்து நிறுவனம் சட்டி பானை கொடுக்க, அடுத்த ஊருக்குக் குடிதண்ணீரும் போகாத நிலை இரண்டு இடத்திலும் வந்தது.

நாகப்பட்டினத்தில் அதற்கு அவர்கள் செய்த வேலையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அலை அடித்து ஒரு வாரத்துக்குள், 2005 ஜனவரி தொடக்கத்திலேயே, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குள் தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையம் ஒன்று திறக்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்கள் அரச அதிகாரிகள் அல்லர். 1980 முதல் கடலோடிகளின் கூட்டுறவுச் சங்கங்களைக் கட்டி வந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், நாகையில் மீனவப் பெண்களிடையே வேலை செய்துவந்த சிநேகா அமைப்பும் முன்னின்றன. மாவட்ட நிருவாகம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. எந்த ஊரில் எது தேவை, எந்த நிறுவனம் எதைக் கொண்டுவருகிறது என்ற விவரம் அந்த அறைக்கு வந்தது. தங்குமிடம், சுகாதாரம், படகு, விவசாயம் என்று துறைதுறையாகக் கூட்டங்கள் நடந்தன. பின்னர் ஊர்களிலேயே தகவல் நிலையங்கள் திறக்கப்பட்டன. குறைகள் இல்லாமல் இல்லை. மீனவப் பஞ்சாயத்துகளின் செல்வாக்கில் தலித் குடும்பங்களும் கூலித் தொழிலாளரும் பின்தள்ளப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. ஆனால் அதைச் சொல்லவும் சண்டை பிடிக்கவும் ஓர் அறை இருந்தது. அம்பாறையில் அந்த அறை இல்லை.

நம்மிடம் அமைப்புகள் இல்லாததால் வந்த குறையல்ல அது. முதல் இரண்டு மூன்று நாளும் உடல்களை எடுத்ததும், அடக்கியதும், உலையேற்றியதும் பள்ளிவாசல் சபைகளும் கோயில் சபைகளும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் விளையாட்டுக் கழகங்களும்தான். அலை எட்டாத சம்மாந்துறைப் பக்கத்துப் பாடசாலைகள் நிரம்பி வழிந்தன. அந்த நாட்களில் யாரும் யாரிடமும் சமயம் கேட்கவில்லை என்று அதைக் கண்டவர்கள் எல்லாரும் ஒரே வாயாகச் சொல்வார்கள். மாவட்ட நிருவாகமோ கரையிலிருந்து உள்ளே, அம்பாறை நகரில். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்த நாள் முதல் கரையோரத்தாருக்கு அந்தக் கச்சேரி மொழியாலும் தூரத்தாலும் அந்நியம். கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று வடக்குக் கிழக்குக்கு விதி வந்தபோது, ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாக நெருங்கிக் கிடக்கும் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் அந்த 200 மீற்றரை விட்டால் குடியிருக்க எங்கே நிலம் என்று ஊரைக் கேட்டு யாரும் அந்த விதியை எழுதவில்லை.

மேலே எழுதப்பட்டவை

இந்தக் கரையின் தலையெழுத்தை மாற்றிய பெரிய உடன்பாடுகளைப் பாருங்கள். 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர்.ஜயவர்தனவும் கொழும்பில் கையெழுத்திட்டு வடக்கையும் கிழக்கையும் இணைத்தார்கள். கிழக்கு முஸ்லிம்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்முனையின் எம்.எச்.எம்.அஷ்ரப் தலைமையில் முஸ்லிம் காங்கிரஸ் அவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கு அந்தப் புறக்கணிப்பு ஒரு முக்கிய காரணம். இணைப்புச் செல்லாது என்று 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்த்தது.

சுனாமிக்குப் பிறகு 2005 ஜூன் 24இல் அரசும் விடுதலைப் புலிகளும் நிவாரணப் பொதுக்கட்டமைப்பு ஒன்றில் கையெழுத்திட்டன. உலகம் கொடுக்க இருந்த பணத்தைப் பாதிக்கப்பட்ட கரைகளுக்குக் கொண்டுவருவதற்கான ஏற்பாடு அது. அதன் குழுவில் முஸ்லிம்களுக்கு இடம் வைத்திருந்தார்கள், ஆனால் கையெழுத்திடும் தரப்பாக அவர்களை ஏற்கவில்லை. நாட்டிலேயே அதிக உயிரை இழந்த மாவட்டத்தின் மிகப் பெரிய சமூகம், தன் மீட்சிக்கான தாளில் கையெழுத்திட முடியாமல் வெளியே நின்றது. ஜூலை 15இல் உயர் நீதிமன்றம் முக்கியப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. அத்தோடு அது முடிந்தது. தடை கேட்டு வழக்காடியவர்களின் அரசியல் எனக்கு உடன்பாடானது அல்ல. ஆனால் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து காக்க வேண்டும் என்று நினைக்கும் அளவுக்கு அந்த ஏற்பாடு கரையில் வேரூன்றவில்லை. அதனால் அது விழுந்தபோது தாங்கிப்பிடிக்க ஆளில்லாமல் போயிற்று.

மீனவர் எழுதிய உடன்பாடு

இதற்கு நேர் எதிரான ஒரு கதை பாக்கு நீரிணையில் இருக்கிறது. அதன் முடிவு மகிழ்ச்சியானது அல்ல. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விடயத்தைப் பேச முடியாது.

1974, 1976 ஆண்டுகளில் இந்தியாவும் இலங்கையும் கடலில் எல்லைக்கோடு போட்டன. கச்சதீவு இலங்கைக்கு வந்தது. கோட்டின் இருபுறமும் தொழில் செய்தவர்கள் அந்தப் பேச்சில் இல்லை. அதே காலத்தில் தமிழ்நாட்டுக் கரையில் இழுவைமடிப் படகுகள் பெருகின. கடலின் அடியை வாரிக்கொண்டு போகும் தொழில் அது. குஞ்சும் முட்டையும் சேர்ந்து போகும். 1983க்குப் பின் போரினால் வடபகுதி மீனவர் கடலுக்கு இறங்க முடியாமல் போக, ஆளில்லாத அந்தக் கடலில் இந்திய விசைப்படகுகள் கால் நூற்றாண்டு தொழில் செய்தன. 2009இல் போர் முடிந்து யாழ்ப்பாணத்தாரும் மன்னாராரும் வலையோடு திரும்பியபோது, அவர்களுடைய வலைகளை இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போயின. தமிழனின் வயிற்றில் தமிழனே அடிக்கும் நிலை. தலைநகரங்களுக்கு இது எல்லைப் பிரச்சினை. மீனவருக்கு அன்றாடச் சோறு.

அரசுகள் கடற்படையை அனுப்பிக்கொண்டிருந்த காலத்திலேயே சில சங்கத்தார் வேறு வழி தேடினார்கள். எல்லை தாண்டிப் பிடிபட்ட மீனவர் இரு நாட்டுச் சிறைகளிலும் மாதக்கணக்கில் கிடந்தபோது, தொழிற்சங்கங்களும் மனித உரிமை அமைப்புகளும் சேர்ந்து அப்பாவி மீனவர் விடுதலைக்காக ஒரு கூட்டணி அமைத்தன. அதன் முதுகெலும்பு தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த வி.விவேகானந்தன். ஆம், நாகப்பட்டினம் ஆட்சியர் அலுவலகத்தில் மையம் திறந்த அதே கூட்டமைப்பு. கூட்டுறவுச் சங்கம் நடத்தப் பழகியவர்கள் பேரிடரையும் சமாளித்தார்கள், நாடுகளுக்கு இடையிலும் பேசினார்கள். இலங்கைப் பக்கம் நீர்கொழும்பைத் தளமாகக் கொண்ட தேசிய மீனவர் ஒத்துழைப்பு இயக்கமும் அதன் ஹேர்மன் குமாரவும் கைகொடுத்தார்கள். ஒரு சிங்கள ஊரிலிருந்து இயங்கும் அமைப்பு வடபகுதித் தமிழ் மீனவருக்காக இராமேசுவரத்தாரோடு பேச வந்ததை நான் சிறிய விடயமாக எடுக்க மாட்டேன்.

2004 மே மாதத்தில் தமிழ்நாட்டு மீனவர் குழு ஒன்று இலங்கை வந்தது. 2010 ஆகஸ்ட்டில் இங்கிருந்து மீனவர் பிரதிநிதிகள் போய், தமிழ்நாட்டுக் கரையோரம் பார்த்து, சென்னையில் இருந்து பேசினார்கள். அங்கே எட்டிய உடன்பாட்டைப் படித்தால் அதை எழுதியவர்கள் கடல் தெரிந்தவர்கள் என்பது விளங்கும். இலங்கைக் கடலில் இழுவைமடித் தொழிலை ஓராண்டுக்குள் முற்றாக நிறுத்துவது. அதுவரை குறிப்பிட்ட 70 நாள் மட்டும், கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் விலகித் தொழில் செய்வது. கடன்பட்டுப் படகு வாங்கியவனுக்கு மாறிக்கொள்ள ஓராண்டு. வலை இழந்தவனுக்கு ஓராண்டுக்குள் தீர்வு. இழுவைமடி தவறு என்று இராமேசுவரத்துப் படகுக்காரரே மேசையில் ஒப்புக்கொண்டு தேதி குறித்தது, எந்த அமைச்சரும் அதுவரை பெற்றுத் தராத ஒன்று.

இரு அரசுகளும் அதற்கு ஒப்புதல் கொடுக்கவில்லை. படகை விட்டுவருபவருக்கு மாற்றுத் தொழிலுக்கான பணம் அரசிடம்தான் இருந்தது. அது வராததால் ஓராண்டுத் தவணை வெறுமனே கழிந்தது. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும், 2015இல் மறுபடி சென்னையிலும், 2016 நவம்பரில் டில்லியிலும் மீனவர் பேச்சுகள் நடந்தன. இப்போது அரசுகள் ஏற்பாடு செய்தன. அதிகாரிகள் நேரம் குறித்தார்கள். டில்லியில் இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. 2017 ஜூலையில் இலங்கைப் பாராளுமன்றம் அடிமடி இழுவையை முழுமையாகத் தடைசெய்தது. அதே ஆண்டு இந்தியா, இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற ஒரு படகுக்கு 80 இலட்சம் ரூபா என்று திட்டம் கொண்டுவந்தது. ஏழு ஆண்டு முன்னர் மீனவர் சொன்னதைத்தான் இரு அரசும் தனித்தனியே செய்யத் தொடங்கின. இடைப்பட்ட ஆண்டுகளில் கைதுகள், துப்பாக்கிச் சூடுகள், மூழ்கிய படகுகள், அறுந்த வலைகள். 2025 மார்ச்சில் வவுனியாவில் இரு கரை மீனவரும் மீண்டும் சந்தித்துப் பேசினார்கள். இத்தனைக்குப் பிறகும் அவர்கள் சலிக்காமல் வருகிறார்கள் என்பதை இரு அரசுகளும் மதிக்க வேண்டும்.

உலகில் வேறு இடங்களில் இது வேறு விதமாக நடந்திருக்கிறது. நம் எல்லைக்கோடு போட்டு இரண்டு ஆண்டில், 1978 டிசம்பரில், அவுஸ்திரேலியாவும் பப்புவா நியூகினியும் டொரஸ் நீரிணைக்கு ஓர் உடன்படிக்கை எழுதின. அங்கும் கோட்டின் இருபுறமும் உறவினர், இருபுறமும் மீனவர். கோட்டைப் போட்டுவிட்டு, அதன்மேல் ஒரு பாதுகாக்கப்பட்ட வலயத்தையும் அமைத்தார்கள். பரம்பரைக் குடிகள் தம் வழமையான தொழிலுக்கும் சடங்குக்கும் கடவுச்சீட்டு இன்றிப் போய்வரலாம். உடன்படிக்கையை மேற்பார்வை செய்யும் ஆலோசனைச் சபையில் அந்தக் குடிகளின் பிரதிநிதிகளுக்கு உடன்படிக்கையிலேயே இடம் எழுதப்பட்டது. 1985 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பாக்கு நீரிணைக் கூட்டுப் பணிக்குழுவை அமைத்தவர்கள் இதைப் படித்திருந்தால் நல்லது.

நம் கரையின் கணக்கு

அம்பாறைக் கரைக்குப் பாக்கு நீரிணையோடு நேரடித் தொடர்பு இல்லை. இங்கே கரைவலைத் தோணியும், நாட்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் ஆழ்கடல் இயந்திரப் படகும். ஆனால் எல்லை இங்கேயும் இருக்கிறது. இயந்திரம் பழுதானாலோ காற்றடித்தாலோ படகு வங்கக் கடலில் எங்கே ஒதுங்கும் என்று சொல்ல முடியாது. இந்தியக் கடலில் பிடிபட்டால் அந்நாட்டின் 1981ஆம் ஆண்டு வெளிநாட்டு மீன்பிடிப் படகுச் சட்டம் பாயும். நம் ஆழ்கடல் படகுகளும் வேறு நாட்டுக் கடலுக்குள் போனதுண்டு. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை போட்டு 2016 நடுப்பகுதியில்தான் நீக்கியது. வடக்கில் வலை அறுபட்டவரின் வலியைப் பேசும் நாம் இந்தப் பக்கத்தையும் மறக்கக்கூடாது.

கடலுக்குப் போன படகு திரும்பாவிட்டால் முதலில் குடும்பம் ஓடுவது மீனவர் சங்கத் தலைவரிடம். அவர் கடற்றொழில் பரிசோதகரிடம் சொல்வார். அங்கிருந்து திணைக்களம், கடற்படை, வெளிநாட்டு அமைச்சு, தூதரகம் என்று தகவல் ஏறும். அக்கரையில் இறங்கி விசாரிக்கத் தெரிந்த ஒரு சங்கத்தாரின் தொலைபேசி எண் நம் சங்கத்திடம் இருந்தால், உயிரோடு இருக்கிறார்களா என்ற செய்தியாவது சீக்கிரம் வரும். இருநாட்டு மீனவர் பேச்சுகளில் நம் கரையின் இந்த விடயங்கள் பேசுபொருள் ஆனதில்லை. நாம் கேட்டதும் இல்லை.

தகவல் விடயத்தில் இன்னொரு முன்னுதாரணம் உண்டு. சுனாமிக்குப் பிறகு சர்வோதயமும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் கனடா நிதியோடு 32 கரையோரக் கிராமங்களில் எச்சரிக்கைச் செய்தியை ஊர் மட்டத்துக்குக் கொண்டுபோகும் முறைகளைப் பரீட்சித்துப் பார்த்தன. அம்பாறைக் கரையின் ஊர்களும் அதில் இருந்தன. இன்று இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் இந்து சமுத்திரம் முழுவதற்கும் சுனாமித் தகவல் தருகின்றன. அந்தத் தகவல் கொழும்புக்கு வந்து சேர நிமிடங்கள் போதும். கல்முனைக்குடியின் கடைசி ஒழுங்கையில் உள்ள உம்மம்மாவுக்கு அதைச் சொல்வது பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான். பாண்டிருப்பில் கோயில் ஒலிபெருக்கி. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து எச்சரிக்கை வந்த அன்று கரையோர மக்கள் ஓடியதும் திரும்பியதும் இப்படித்தான்.

சென்னையில் எஸ்.சி.சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தையும் சொல்ல வேண்டும். அகதிகளே அகதிகளுக்காக நடத்திய அமைப்பு அது. தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைப் பிறப்புப் பதிவும் குடியுரிமையும் எடுத்துக்கொடுக்க அது பல ஆண்டு உழைத்தது. முகாம்களில் இருந்த இந்திய வம்சாவளியினர் 28,000க்கும் மேற்பட்டோர் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லாதிருந்தார்கள். நாட்டில் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவர்களுக்குத் தடையாக இருந்தது. 2009இல் இலங்கைப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தத் தடையை அகற்றியது. இரு கரையிலும் ஆவணம் சேர்த்து, இரு அரசிடமும் நடையாய் நடந்த ஓர் அமைப்பு இல்லாமல் இது நடந்திருக்குமா?

தடைகள் வெளியிலும் உள்ளேயும்

அரசுகள் இந்த வேலையை எளிதாக்கவில்லை. இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், பெற்ற நிதியை இன்னோர் அமைப்போடு பகிர்வதையே தடுத்துவிட்டது. கிராமத்துச் சிறு சங்கங்கள் பெரிய அமைப்புகள் வழியாகத்தான் இயங்கின. அந்தக் குழாயை அடைத்தார்கள். இலங்கையில் அரசசார்பற்ற நிறுவனங்களின் செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வைக்கப்பட்ட காலமும் உண்டு. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களோடு தொடர்புடையவர்கள் ஒளிந்திருந்த சாய்ந்தமருது வீடொன்றில் 2019 ஏப்ரல் 26இல் நடந்த குண்டுவெடிப்புக்குப் பின் முஸ்லிம் ஊர்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் கிணற்று நிதியும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டது. அந்த வீட்டில் இருந்தவர்களைப் பற்றி முதலில் தகவல் கொடுத்தவர்கள் சாய்ந்தமருது ஊரவரே என்பது நாட்டுக்கு அவ்வளவாக நினைவில் இல்லை.

அமைப்புகள் தம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கொடையாளர் விரும்பும் திட்டத்தை எழுதி, கூட்டம் நடத்திப் படமெடுத்து, அறிக்கை அனுப்பி முடித்துவிடும் நிறுவனங்களைச் சுனாமிக்குப் பின் இந்தக் கரை போதும் போதும் என்னும் அளவுக்குக் கண்டது. கணக்கை ஊருக்கு வாசிக்காத சங்கம் ஊரின் பெயரில் பேச உரிமை கோர முடியாது. பள்ளிவாசல் சபையிலும் கோயில் சபையிலும் பெண்களுக்கு இடமில்லை. கருவாடு போடுபவர்களிலும் கணவன் கடலில் காணாமல் போனால் தூதரகம் வரை அலைபவர்களிலும் பெண்கள்தான் அதிகம். சிறு மீன்பிடியாளருக்கான வழிகாட்டுதல்களை உலக உணவு விவசாய நிறுவனம் 2014இல் ஏற்றபோது, மீனவப் பெண்களின் பங்கேற்பு அதில் திட்டவட்டமாக எழுதப்பட்டது. அதை எழுத வைத்தவையும் மீனவர் அமைப்புகளே. நம் சங்கங்களின் யாப்பு இன்னும் அங்கு வந்து சேரவில்லை.

எல்லாவற்றையும்விட நெருங்கிய எல்லை ஒன்று முஸ்லிமூருக்கும் தமிழூருக்கும் நடுவில் இருக்கிறது. சம்மாந்துறைக்கும் வீரமுனைக்கும் இடையில், கல்முனைக்கும் பாண்டிருப்புக்கும் இடையில். 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 12இல் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் ஏறாவூரிலும் இரத்தம் ஓடியது. வீரமுனையார் ஊரைவிட்டு ஓடி, வருடங்கள் கழித்துத் திரும்பினார்கள். ஒரு பக்கத்து மரணத்தை மட்டும் எண்ணும் பழக்கம் இரு பக்கமும் இன்னும் போகவில்லை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகம், சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை என்று ஒவ்வொரு நிருவாகக் கேள்வியும் உடனே இனக் கேள்வியாகிவிடுகிறது. தீர்வு கொழும்பிலிருந்து வரும் என்று இருதரப்பும் அமைச்சர் வீட்டு வாசலில் நிற்கிறோம். இந்த நிலையில் நாளை மீனவர் பேச்சுக்கு இந்தக் கரையின் ஒரு பிரதிநிதியை அனுப்பச் சொன்னால் நாம் இரண்டு பட்டியல் அனுப்புவோம். இரண்டு பட்டியலையும் ஓரமாக வைத்துவிட்டு அதிகாரி தனக்குத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போவார்.

ஆகவே தொடங்க வேண்டியது இங்கிருந்து. பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரையுள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள், பள்ளிவாசல் சபைகள், கோயில் சபைகள், மாதர் சங்கங்கள் சேர்ந்து கரையோரத்துக்கு ஒரு நிரந்தர மேசையை அமைக்கட்டும். தமிழர், முஸ்லிம்கள் இருவரும் இருக்கும் மேசை, பெண்களுக்குப் பாதி இடம் வைத்த மேசை. சிங்கள அயலவரையும் அழைக்கும் மேசை. வெளிநாட்டு உதவி எது வந்தாலும் பயனாளிப் பட்டியல் அங்கே பகிரங்கமாக வாசிக்கப்பட்ட பிறகே பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். நாகப்பட்டினம், இராமேசுவரம், மன்னார் சங்கங்களோடு நேரடித் தொடர்பு வைத்து, காணாமல் போகும் படகுகளுக்கு ஒரு தகவல் வலை கட்ட வேண்டும். இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழுவில் மீனவருக்கு எழுத்து மூலமான இடத்தைக் கேட்கும்போது, கிழக்குக் கரைக்கும் ஓர் இடம் கேட்க வேண்டும். இவற்றில் முதல் இரண்டுக்கும் கொழும்பின் அனுமதியோ டில்லியின் தயவோ தேவையில்லை.

உங்கள் மீனவர் சங்கமும் பள்ளிவாசல் சபையும் கோயில் சபையும் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அறிவித்தல் ஒட்டும்போது தயவுசெய்து போங்கள். கணக்கு வாசித்து முடிந்ததும் எழுந்து, பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு எப்போது கூடப்போகிறோம் என்று கேட்டு, அந்தத் தேதியைக் கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள்.